கட்டுக்கரைச் சீமை – 11: பாலாவித் தண்ணீரும் 3,100 ரூபாவும்

கட்டுக்கரைக் குளத்தை அண்டிய குருவில் பகுதியில் 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் பேராசிரியர் பரமு புஸ்பரட்ணத்தின் தலைமையில் அகழ்வில் இறங்கினார்கள். காட்டு மண்ணுக்குள் இருந்து வந்தவற்றில் சுடுமண் உருவங்கள் நிறைய. யானை, குதிரை, எருது, நாகம், மனித உருவம். ஐயனார் வழிபாட்டில் நேர்ந்து வைத்தவை என்று ஆய்வாளர்கள் அவற்றை அடையாளம் கண்டார்கள். இன்றும் வன்னியில் குளக்கட்டுக்குக் குளக்கட்டு ஐயனார் இருக்கிறார். அந்தக் கும்பிடு எவ்வளவு பழையது என்பதற்குக் கட்டுக்கரை மண் சாட்சி சொன்னது.

அந்தக் குதிரைகளையும் யானைகளையும் வைத்தவர்கள் பெயர் விட்டுப் போகவில்லை. களிமண் குளத்தில் கிடந்தது. சூளைக்கு விறகு காட்டில் கிடந்தது. கும்பிட வந்தவர் கையில் காசு இருந்ததா இல்லையா என்பது அந்தக் காணிக்கையில் தெரியாது. பெரிய குதிரை வைத்தவரும் சின்னக் குதிரை வைத்தவரும் ஒரே மண்ணுக்குள் ஒன்றாகக் கிடந்தார்கள்.

குளத்தில் இருந்து வடமேற்கே சில மைல் போனால் மாதோட்டம். சென்ற இதழில் சீனப் பாண்டமும் பாரசீகக் கண்ணாடியும் இறங்கிய துறைமுகமாக அதைக் கண்டோம். துறைமுகம் என்றால் காசு. காசு வந்த ஊரில் கோயிலின் கதை வேறு விதமாக எழுதப்பட்டது, அதுவும் கல்லில்.

கொழும்பு நூதனசாலையில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று தாழி குமரன் என்பவனைப் பற்றிச் சொல்கிறது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராசராச சோழனின் படை இலங்கையின் வடபகுதியைப் பிடித்த பிறகு மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் வந்தது. சோழநாட்டில் இருந்து வந்த தாழி குமரன் அங்கே இராசராசேச்சரம் என்று ஒரு சிவன் கோயில் எடுப்பித்தான். கோயிலுக்கு நிலம் விட்டான், வைகாசி விசாகத் திருவிழாவுக்குச் செலவு ஒதுக்கினான். நிலம் மட்டும் போதவில்லை. ஊரில் ஓடும் தறிக்கு இவ்வளவு, பண்டம் விற்பவரும் வாங்குபவரும் காசுக்கு இவ்வளவு என்று ஒரு வசூலும் கோயிலுக்கென்று வைக்கப்பட்டது.

அதே ஊரில் திருவிராமேச்சரம் என்று இன்னொரு கோயில். அங்கே விளக்கெரிக்க ஓர் அதிகாரி கொடுத்த காசை எண்ணெய் வணிகரான சங்கரபாடியாரிடமும் வெற்றிலை வாணியரிடமும் வாழைக்காய் வாணியரிடமும் கொடுத்து வைத்தார்கள். முதலில் கைவைக்கக் கூடாது. அதன் பலிசையில், இன்றைய பேச்சில் வட்டியில், கோயில் காரியம் நடக்க வேண்டும். கடைத்தெருவே கோயிலின் வங்கியாக இருந்திருக்கிறது.

இந்தக் கல்வெட்டுகளை வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அதிகாரி கொடுத்தது ஊரோடும் பேரோடும் கல்லில் நிற்கிறது. நெசவாளி மாதா மாதம் கொடுத்தது ஒரு வீதமாக மட்டும் நிற்கிறது. இரண்டும் கோயில் காரியத்துக்குப் போன காசுதான். கோயில் பணத்தில் அன்று விழுந்த இந்தக் கோடு இன்றைக்கும் அழியவில்லை. மின்விசிறியின் இதழில்கூட உபயகாரர் பெயர் எழுதுகிறோம். உண்டியலில் பத்து ரூபா போட்ட கிழவிக்குப் பெயர் இல்லை.

மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் இந்தக் கோயில்களுக்கெல்லாம் மூத்தது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அவருக்குப் பின் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தக் கரையில் இருந்த அந்தக் கோயில் 16ஆம் நூற்றாண்டில் போனது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். கோயில் கல் கோட்டைக்கும் கடலோரக் கட்டடங்களுக்கும் போயிற்று என்பது மன்னாரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1790களில் ஆங்கிலேயர் வந்தார்கள். கோயில் இருந்த இடத்தில் காடு ஏறியது.

காடு ஏறிய நிலம் யாருடையது? இந்தக் கேள்விக்கு ஆங்கிலேயர் 1840இல் சட்டம் போட்டுப் பதில் சொன்னார்கள். அந்த ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டத்தின்படி, காடாகவும் தரிசாகவும் பயிர் செய்யாமலும் கிடக்கும் நிலமெல்லாம், வேறு உரிமை காட்டப்படும் வரை, முடிக்குரியது. கோப்பித் தோட்டக்காரருக்கு மலைக்காட்டை விற்க வழி செய்த சட்டம் என்றே வரலாற்றில் அதைப் படிக்கிறோம். மாதோட்டத்தில் அதன் விளைவு இன்னொன்று. ஒரு பேரரசு இடித்த கோயிலின் நிலம், அடுத்தடுத்து வந்த பேரரசுகளின் சொத்தாகிவிட்டது. அரசாங்கம் கோயிலைக் கட்டுப்படுத்துவது பற்றித் தமிழ்நாட்டில் நூறு ஆண்டாக விவாதம் நடக்கிறது. மாதோட்டத்தில் கட்டுப்படுத்தக் கோயிலே இல்லை, அதன் அடிநிலமே அரசாங்கத்தின் கையில் இருந்தது.

1872இல் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு குரல் எழுந்தது. ஆறுமுக நாவலர் அழிந்து கிடக்கும் திருக்கேதீச்சரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று சைவரிடம் கேட்டார். நாவலரைப் பற்றி இங்கே இரண்டு செய்தி சொல்லியாக வேண்டும். கோயில் பணத்தின் கணக்கை வெளிப்படையாகக் கேட்ட முதல் ஈழத்துச் சைவர்களில் அவர் ஒருவர். 1875இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றி அவர் வெளியிட்ட பத்திரிகையும் அதைத் தொடர்ந்த சண்டையும் வழக்கும் யாழ்ப்பாணம் அறிந்தவை. கோயில் நடத்துபவர் கோயிலின் சொந்தக்காரர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே என்பது அவர் கட்சி. அது சரியான கட்சி. அதே நாவலர் சாதியொழுக்கத்தைக் கைவிடாதவர். அவர் மனத்தில் இருந்த கோயிலில் எல்லாருக்கும் ஒரே இடம் இருக்கவில்லை. பணத்தில் நேர்மை கேட்டவர் வாசலில் சமத்துவம் கேட்கவில்லை. ஈழத்துச் சைவம் இந்த இரண்டையும் அவரிடம் இருந்தே பெற்றுக்கொண்டது. ஒன்றைப் பேசி மற்றதை மறைத்தால் வரலாறு ஆகாது.

நாவலர் 1879இல் காலமானார். அவர் கேட்டது நடக்க மேலும் பதினான்கு ஆண்டு ஆனது.

1893 டிசம்பர் 13. காட்டுக்குள் சுமார் நாற்பது ஏக்கர் நிலத்தை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. சைவர் சார்பில் பசுபதிச் செட்டியார் 3,100 ரூபாவுக்கு அதை எடுத்தார். முன்னூறு ஆண்டுக்கு முன் பறிபோன கோயிலின் நிலத்தை, கும்பிடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை செய்த ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சதம் அளவில் இருந்தது. கணக்குப் போட்டால் 3,100 ரூபா என்பது ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கூலி. ஒருவர் இருபத்தைந்து ஆண்டு, ஒரு நாளும் விடாமல் உழைத்த காசு.

தோட்டத் தொழிலாளியை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. 1830களில் இருந்து தமிழ்நாட்டில் இருந்து தோணியில் வந்த கூலிகள் இறங்கியது மன்னார்க் கரையில்தான். தலைமன்னாரில் இறங்கியவரும் அரிப்பில் இறங்கியவரும் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் கொள்ளை நோயிலும் வழியில் விழுந்தவர்களைப் புதைக்கவும் ஆளில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஊரில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். மாதோட்டக் காட்டை அவர்கள் கடந்த காலத்தில் அங்கே கோயில் இல்லை, நிறுத்த வாசலும் இல்லை.

ஏலத்துக்கு மறு ஆண்டு, 1894இல், காடு வெட்டி மண்ணைத் தோண்டியபோது பழைய கோயிலின் இடம் தெரிந்தது. சிவலிங்கமும் நந்தியும் வேறு திருவுருவங்களும் வெளியே வந்தன. 1903இல் சிறியதாக ஒரு கோயில் எழுந்து குடமுழுக்கு நடந்தது. மூலத்தானத்தில் வைத்தது காசியில் இருந்து வந்த லிங்கம். மண்ணுக்குள் இருந்து வந்த பழைய லிங்கம் என்று தலத்தார் போற்றும் பெருமான் பிராகாரத்தில் மகாலிங்கமாக இருக்கிறார். இந்த மகாலிங்கத்திடம் கடைசியில் திரும்பி வருவோம்.

இதே ஆண்டுகளில்தான் அரசாங்கம் கட்டுக்கரைக் குளத்தைத் திருத்தியது. அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கத்தில் மறித்துக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். வயல் விளைந்தது, குடி பெருகியது. குளத்துக்கு அரசாங்கம் செலவழித்தது, கோயிலுக்குச் சனங்கள் செலவழித்தார்கள். அப்படி இருந்ததும் நல்லதுதான். யார் பணம் போடுகிறார்களோ அவர்கள் கட்டளையும் போடுவார்கள் என்பதைத் தமிழ்நாடு கண்டிருந்தது. 1817இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் சொத்துகளை வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. கலெக்டர் தேரோட்டத்துக்கு ஏற்பாடு செய்கிறார் என்று பாதிரிமார் கோபப்பட்டார்கள். 1863இல் அரசாங்கம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளூர்க் குழுக்களிடம் விட்டது. குழுக்களின் கையில் நிலம் கரைந்தது, நகை கரைந்தது. அதன் பிறகுதான் 1920களில் நீதிக்கட்சி ஆட்சி இந்து சமய அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசாங்கம் வேண்டாம் என்று சொல்பவர்களும் வேண்டும் என்று சொல்பவர்களும் இந்த இடைப்பட்ட அறுபது ஆண்டை நன்றாகப் படிக்க வேண்டும்.

திருக்கேதீச்சரத்தைக் கொழும்பு நாட்டுக்கோட்டை நகரத்தார் பொறுப்பெடுத்தார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டித்தொழிலும் கதிரேசன் கோயிலும் அவர்களோடு வந்தவை. வருமானத்தில் மகமை எடுத்துக் கோயிலுக்கு வைப்பது அவர்கள் குலவழக்கம். பர்மா வரை அவர்கள் கடை போன இடமெல்லாம் வேலும் போனது. மாதோட்டக் காட்டுக்குள் பூசை தடைப்படாமல் ஓடியது அந்தக் கடைக்கணக்கின் புண்ணியம். ஆனால் வணிகரின் பணம் வணிகத்தோடு வாழும், வணிகத்தோடு போகும். 1930களின் பொருளாதார மந்தம் நகரத்தாரின் கொடுக்கல் வாங்கலை உலுக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்தியத் தமிழரை அந்நியராக்கியது. கடைகள் ஒன்றொன்றாக மூடப்பட்டன.

அந்த 1948இலேயே திருக்கேதீச்சர ஆலயத் திருப்பணிச் சபை உருவானது. முன்னின்றவர் சேர் கந்தையா வைத்தியநாதன். சுதந்திர இலங்கையின் பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளர். பிறகு அமைச்சராகவும் இருந்தவர். அரசாங்கத்தின் உள்ளும் புறமும் அறிந்த மனிதர், கோயிலை அரசாங்கத்திடம் கொடுக்கவில்லை. சபை வைத்தார், ஊர் ஊராகப் பணம் சேர்த்தார்கள். மடங்கள் எழுந்தன. காட்டுக்குள் மனிதர் தங்க இடம் வந்தது. பணி அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 1976 ஜூலையில் பெருங்குடமுழுக்கில் வந்து நின்றது. நாவலர் கேட்டதற்கும் அதற்கும் இடையில் நூற்றுநான்கு ஆண்டு.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி. இலங்கையில் பௌத்த விகாரைகளின் ஆதனங்களுக்கென்று 1931இன் தனிச் சட்டம் இருக்கிறது, அரசாங்கத்தின் மேற்பார்வை இருக்கிறது. சைவக் கோயில்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. இந்து ஆலய ஆதனங்களை ஆராய்ந்த சிறப்புக் குழு ஒன்றின் அறிக்கை 1951இல் வந்தது. அது சட்டமாகவில்லை. இன்றும் ஈழத்துக் கோயில் என்பது, 1917இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கண்ணில், ஓர் அறக்கொடை. நிர்வாகம் கெட்டால் கோயிலில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றம் போகலாம். நீதிபதி விசாரித்துப் பரிபாலனத் திட்டம் வகுத்துக் கொடுக்கலாம். ஊர்க் கோயில் வழக்குகள் பரம்பரை பரம்பரையாக நீள்வதற்கும், சட்டத்தரணிகள் உண்டியலில் பங்காளியாவதற்கும் இதுவே வழி. ஆனாலும் கொழும்பில் இருந்து ஓர் ஆணையாளர் வந்து உண்டியலை உடைக்க முடியாது என்பதும் இதனால்தான். அரசியலமைப்பே பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் நாட்டில் இந்தப் பாதுகாப்பு சிறியதல்ல.

அரசாங்கத்தோடு கோயில் எவ்வளவு நெருங்கலாம் என்று ஈழத்தமிழர் 1968இல் ஒரு பாடம் படித்தார்கள். அப்போது உள்ளூராட்சி அமைச்சராக இருந்த மு. திருச்செல்வம், திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயில் சூழலைப் புனித நகராக அறிவிப்பது பற்றி ஆராய ஒரு குழு வைத்தார். பிக்கு ஒருவரின் ஆட்சேபத்தோடு பிரதமர் டட்லி சேனநாயக்க குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார். தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது.

அதே 1968இல், அதே சைவரிடம் வேறு சைவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. அரசாங்கம் எங்கள் கோயிலுக்குள் வரக் கூடாது என்கிறீர்கள், நாங்கள் வரலாமா?

யாழ்ப்பாணத்தில் 1956இலேயே நல்லூரும் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்க, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் கதவு பதினொரு ஆண்டுக்குப் பிறகும் மூடியே இருந்தது. 1968 ஆனி, ஆடியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினரும் வேறு அமைப்பினரும் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை மறித்து நின்றவர்களின் முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் ஒருவர். சிங்களவருக்குச் சமமாகத் தமிழன் வாழ வேண்டும் என்று வாதிட்ட அதே வாய், தமிழன் ஒருவனை உள்ளே போகாதே என்றது. நீதிமன்றம் அவருக்கு 50 ரூபா தண்டம் விதித்தது. அவர் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை வழக்கைக் கொண்டு போனார். 1971இல் அரசாங்கம் சட்டத்தின் தண்டனையைக் கூட்டியது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாவிட்டபுரத்தில் நியாயம் கோயிலுக்கு உள்ளே இருந்து வரவில்லை. வாசலில் குந்தியிருந்து அடிவாங்கியவர்களிடம் இருந்தும் அரசாங்கத்தின் சட்டத்தில் இருந்தும் வந்தது. தமிழ்நாட்டிலும் அப்படியே. 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களோடு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார். எல்லாக் கோயிலும் திறக்க 1947இன் சட்டம் வேண்டியிருந்தது. கருவறைக்குள் போக அதுவும் போதவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை 1971இல் தமிழ்நாடு நீக்கியது. எல்லாச் சாதியினரும் பயின்று அர்ச்சகராகலாம் என்று 2006இல் பள்ளிகள் வைத்தார்கள், இருநூறுக்கு மேற்பட்டோர் பயின்று முடித்தார்கள். வழக்குகளில் அவர்களின் இளமை கழிந்தது. 2021 ஆகஸ்ட் 14இல்தான் அவர்களில் 24 பேர் பணி ஆணை பெற்றார்கள். ஆகவே அரசாங்கம் கோயிலை விட்டுப் போ என்று கோஷம் போடுபவர்கள், அரசாங்கம் போன பிறகு வாசலை யார் திறந்து வைப்பார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதே அரசாங்கம் பணத்தை வைத்து வரிசை பிரிப்பதையும் மறைக்க முடியாது. தமிழ்நாட்டின் பெரிய கோயில்களில் பொது வரிசை ஒரு பக்கம், சிறப்புத் தரிசனக் கட்டண வரிசை மறு பக்கம். ஆந்திராவில் உள்ள திருப்பதியிலும் சிறப்பு நுழைவுச் சீட்டு 300 ரூபா. சாதியைக் கேட்டு மறித்த வாசலில் இப்போது சீட்டைக் கேட்டு மறிக்கிறார்கள். நல்லூரில் அர்ச்சனைச் சிட்டை இன்றும் ஒரு ரூபா. ஒரு பரம்பரை நடத்தும் கோயில் அது, அரசாங்கத்துடையது அல்ல. தேங்காய் விலை எங்கேயோ போய்விட்டது, சிட்டை ஒரு ரூபாவிலேயே நிற்கிறது. அமைச்சர் வந்தாலும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில்தான் நிற்க வேண்டும். கணக்குக் கேட்டு நாவலர் சண்டை பிடித்த கோயில், பணத்தால் ஆளைப் பிரிக்காத கோயிலாக நிற்பது ஈழத்துச் சைவத்தின் பெருமை.

மாதோட்டத்துக்குத் திரும்புவோம். 1990இல் இராணுவம் வந்தது. கோயிற்சூழல் படையின் கைக்குள் போனது. மடங்கள் சிதைந்தன, சனங்கள் தோணியேறி இராமேச்சுரம் போனார்கள். பூசை இல்லாத ஆண்டுகள் திரும்ப வந்தன. போர்நிறுத்தக் காலத்தில் கும்பிட வழி கிடைத்தது. போர் முடிந்த பிறகு கோயிலுக்கு அருகே மாதோட்ட விகாரை எழுந்ததும், நிலத்தைப் பற்றிய பழைய கவலை சைவரிடம் மீண்டும் எழுந்ததும் மன்னாரார் அறிந்தவை. 1840இல் சட்டமாக வந்த அரசாங்கம் இந்த முறை சீருடையில் வந்திருந்தது.

அடுத்து வந்த பணம் ஓர் அரசாங்கத்தின் பணம், ஆனால் அயல்நாட்டுடையது. இந்திய அரசு 326 மில்லியன் ரூபா நன்கொடை கொடுத்தது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் கைவண்ணத்தில் கருங்கல் திருப்பணி நடந்தது. 2022 ஜூலை 6இல் குடமுழுக்கு. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலம் அது. மூன்று நாள் கழித்துக் கொழும்பில் சனங்கள் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். அப்படிப்பட்ட கிழமையிலும் மன்னாருக்குச் சனம் வந்தது. கல்லில் கோயில் பார்த்த கண்கள் ஈரமாயின. இந்தியாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொன்னார்கள். கூடவே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1893இன் ஏலக் காசும், செட்டியாரின் மகமையும், சபையின் உண்டியலும் முதலில் வந்திராவிட்டால் அந்த நன்கொடை போய்ச் சேர ஒரு கோயில் இருந்திராது. வருங்காலக் கல்வெட்டில் 326 மில்லியன் மட்டும் இருந்தால், தாழி குமரன் காலத்துப் பிழையையே திரும்பச் செய்தவர்களாவோம்.

மாசி மாதச் சிவராத்திரிக்கு மாதோட்டத்துக்குப் போனவர்களுக்கு இனிச் சொல்லப்போவது தெரியும். பகல் வெயில் தாழும் முன்பே பாலாவிக் கரையில் சனம் திரளும். குடத்திலும் செம்பிலும் தண்ணீர் மொண்டு, ஈர வேட்டியும் ஈரச் சேலையுமாக வரிசை நகரும். யாழ்ப்பாணத்தார், வவுனியாவார், மட்டக்களப்பார், மலையகத்தார். அந்தத் தண்ணீரை அவர்கள் குருக்களிடம் கொடுப்பதில்லை. மகாலிங்கத்தின் முன் வந்து தங்கள் கையாலேயே வார்க்கிறார்கள். சிவலிங்கத்தின் மேல் தண்ணீர் விழும்போது விரலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருப்பதில்லை. என்ன சாதி என்று கேட்பார் இல்லை. 1830களில் தலைமன்னார்க் கரையில் இறங்கி நடந்தவர்களின் வழிவந்தவர்களும் அவர்களோடு வார்க்கிறார்கள்.

ஆகமம் படித்தவர்கள் இதற்கு விளக்கம் சொல்லக்கூடும். மூலலிங்கம் வேறு, மகாலிங்கம் வேறு, பிராகாரத்தில் இருப்பதற்கு விதி வேறு என்று. இருக்கட்டும். அரசன் கட்டிய வாசலும் அதிகாரி எழுதிய கல்லும் போன பிறகு, மண்ணுக்குள் முன்னூறு ஆண்டு கிடந்து வந்த பெருமானை எல்லாரும் தொடுகிறார்கள். குருவில் மண்ணில் ஐயனாருக்குக் களிமண் குதிரை வைத்தவர் கும்பிட்ட மாதிரியே கும்பிடுகிறார்கள், நடுவில் ஆளில்லாமல்.

கட்டுக்கரைக் கமக்காரருக்கு இது புதிதல்ல. போகம் தொடங்கும் முன் கூட்டம் கூடிக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், யாருக்கு எந்த நாள் என்று எல்லார் காதிலும் விழப் பேசி முடிக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கை ஒளித்தால் வாய்க்காலில் சண்டை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முறையைக் கோயிலுக்கும் கொண்டுவரலாம். மன்னார் மாவட்டத்தில் பெரிதும் சிறிதுமாகக் கோயில் நடத்தும் பரிபாலன சபையாரிடம் ஒரு வேண்டுகோள்: வருகிற சிவராத்திரிக்கு முன் உங்கள் கோயிலின் ஆண்டு வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டுங்கள். உபயகாரரின் பெயரோடு உண்டியலில் விழுந்த சில்லறையின் மொத்தத்தையும் அதே எழுத்தில் எழுதுங்கள்.

(அடுத்த இதழில்: அரிப்புக் கோட்டையும் முத்துக்குளிப்பு வரியும்)